எட்டரை மணி மாத்திரை

போன வருஷம் குறுவை நடவு நடந்தப்ப தம்பி பொண்டாட்டிக்கு அஞ்சாவது மாசம். எங்க ஊரு மன்னார்குடி பக்கம். பி.எச்.சி.ல, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, ரத்தம் எடுத்துப் பாத்தா எச்பி (ஹீமோகுளோபின்) 8.4 தான் இருக்கு. வயித்துப் புள்ளக்காரிக்கு 11 இருக்கணும், 7க்குக் கீழ போனா விபரீதம்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க.

இரும்புச் சத்து மாத்திரை குடுக்காம இல்ல, அட்டை அட்டையா பீரோவுல கெடந்துச்சு. கேட்டா, வெளிக்கி கருப்பா போவுதுன்னு பயந்து பாதி நாள் போடவே இல்லையாம், போட்ட நாளும் வயல்ல பத்து மணி டீயோட சேத்து முழுங்கியிருக்கா. கூடவே டீ குடிச்சா இரும்புச் சத்து ஒடம்புல சரியா சேராது, இது எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. மாசமா இருக்குறவங்களுக்கு கவர்மெண்டு குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூவா, அதுல 14,000 பணம், மீதி ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்துல வந்த பேரீச்சம்பழம் எங்க வீட்டு வாண்டுங்க வாய்க்குள்ளதான் போச்சு, நானும் ரெண்டு தின்னேன், பொய் சொல்ல மாட்டேன்.

நர்ஸம்மா வீட்டுக்கு வந்தா வீடு பூட்டியிருக்கும், அதனால ஒருநாள் நேரா வரப்புக்கே வந்துட்டாங்க. இவகிட்ட பேசல, நடவுக்கு ஆளு கூட்டிட்டுப் போற அக்காகிட்ட போயி "டீய கொஞ்சம் தள்ளி வைங்கக்கா"ன்னாங்க. அக்கா நாத்து முடிய கீழ போட்டுட்டு "டீ இல்லாம எவம்மா குனிவா? மாத்திரைய ராத்திரிக்கு மாத்து, முழுங்க வெக்கிறது எம் பொறுப்பு"ன்னுச்சு.

அன்னைலேர்ந்து தெனம் ராத்திரி எட்டரைக்கு அக்கா சத்தத்துல தெருவே அதிரும். "போட்டாச்சாடீ?" சோறு தின்னு கொஞ்ச நேரம் கழிச்சு மாத்திரை, கூட ஒரு நெல்லிக்கா, புளிப்பு இருந்தா சத்து நல்லா சேருமாம். எங்க தெருவுல அப்ப மூணு பேரு மாசமா இருந்தாங்க, மூணு பேருக்கும் அதே சத்தம்தான். மகளிர் குழுவுல வட்டிக் கணக்கு முடிஞ்சதும் மூணு பேரோட எச்பியும் வாசிப்பாங்க, என்னமோ மார்க் சீட்டு மாதிரி. அப்புறம் பி.எச்.சி.ல இரும்புச் சத்து டிரிப்பும் ஏத்துனாங்க, அதையும் சொல்லணும், நெல்லிக்காயால மட்டும் ஏறிடல.

ஏழாம் மாசம் பால்வாடியில சமுதாய வளைகாப்பு. வீட்டு வளைகாப்புல அந்த அக்காவ சந்தனம் பூச கூப்புட மாட்டாங்க, புருஷன் இல்லாதவங்க. இங்க டீச்சர் மொத வளையல அது கையிலதான் குடுத்தாங்க. பின்னாடி உக்காந்து ரெண்டு கெழவிங்க முணுமுணுத்தது எங்காதுல விழுந்துச்சு. தம்பி பொண்டாட்டி பாட்டுக்கு ரெண்டு கையையும் நீட்டிட்டா.

வலி வந்தது கார்த்திகை மழையில, ராத்திரி ஒரு மணிக்கு. 108 மெயின் ரோட்டுக்கு வந்துடுச்சு, எங்க தெருவுல முழங்கால் தண்ணி. குழுவுல முன்னாடியே பேசி வெச்சிருந்த ஆட்டோ அண்ணன் ரோடு வரைக்கும் கொண்டாந்து விட்டாரு, வாடகை குழு பணத்துல. சுகப்பிரசவம், ரெண்டே முக்கா கிலோ பொண்ணு. எங்கம்மா சேனை தொட சக்கரத் தண்ணி கொண்டு போயிருந்தாங்க, மொத மொதல்ல சீம்பால்தான்னு ஆஸ்பத்திரியில அந்தக் கிண்ணத்தயே வாங்கி ஓரமா வெச்சுட்டாங்களாம்.

தமிழ்நாட்டுல 2018-20 கணக்குப்படி உயிரோட பொறக்குற லட்சம் கொழந்தைக்கு 54 தாய்மார் செத்தாங்க, இந்தியா முழுக்க 97. பெருமதான். ஆனா அந்தக் கணக்கு எங்க தெருவுக்கு வந்தது எட்டரை மணிச் சத்தமாத்தான்.

இப்ப எதுத்த வீட்டுப் பொண்ணுக்கு மூணாம் மாசம். நேத்து ராத்திரிலேர்ந்து அக்கா மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க, எங்க வீட்டுப் பாப்பா தூக்கம் கலைஞ்சு அழுவுது.