திங்கட்கிழமை வயிற்றுவலி

பென்னாகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. அப்பா, அம்மா இருவருக்கும் பெங்களூரில் கட்டட வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து போவார்கள். மறுநாள் காலையில் இவனுக்கு வயிறு வலிக்கும். ஆயா ஓமத் தண்ணீர் கொடுத்தார், மந்திரித்துக் கயிறு கட்டினார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறான் என்றது தெரு.

போன வாரம் பாய் விரிக்கும்போது தலையணை உறைக்குள்ளிருந்து அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்று விழுந்தது, உருண்டையாகச் சுருட்டி வைத்திருந்தான். எடுத்தேன். "துவைச்சிடாதீங்க அத்தை, வாசம் போயிடும்" என்றான்.

இது நடிப்பே இல்லை. சின்னப் பிள்ளைகளின் மனக்கவலை பல நேரம் வயிற்றுவலியாக, தலைவலியாகத்தான் வெளியே வரும். வலி நிஜமாகவே இருக்கும், சொல்லத்தான் வார்த்தை இருக்காது. முதலில் டாக்டரிடம் காட்டி உடம்பில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அப்புறம் 14416-க்குப் பேசினோம். டெலி மானஸ், 2022-இல் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று எத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டோமோ, நினைத்தாலே மனசு கனக்கிறது.

இப்போது அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வருகிறார். அடுத்து வரும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். காலண்டரில் அந்த ஞாயிற்றை அவனே சிவப்பு ஸ்கெட்ச்சால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். இந்தத் திங்களும் வலித்தது. ஆனாலும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.