நீர்மூழ்கியின் பற்றரி அறைக்குள்

விடத்தல்தீவு, பூநகரிப் பக்கக் கடலில் நீர்மூழ்கி வந்து ஒளிந்து நிற்கும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அந்தப் பக்கம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழம்தான். 2024 பெப்ரவரியில் கொழும்புக்கு வந்துபோன இந்தியக் கடற்படையின் கரஞ்ச் நீர்மூழ்கிக்கு, அடியிலிருந்து கோபுர உச்சிவரை உயரமே 12 மீற்றருக்கு மேல். முல்லைத்தீவுக்குக் கிழக்கே வெளியே போகப்போக ஆழம் தாராளமாகக் கிடைக்கும். அங்கே அதைக் கட்டிப்போடுவது பற்றரி.

கரஞ்ச் வகை நீர்மூழ்கி ஒன்றில் 360 பற்றரிக் கலங்கள், ஒவ்வொன்றும் 750 கிலோ. மொத்தம் 270 தொன். உள்ளே இருப்பது உழவு இயந்திரப் பற்றரியில் உள்ள அதே ஈயத் தகடும் அசிட்டும்தான். கலத்துக்கு 2 வோல்ற்று. தண்ணீருக்குக் கீழே மோட்டாரைச் சுழற்ற இதை விட்டால் வேறில்லை. வேகத்தை இரட்டித்தால் கிட்டத்தட்ட எட்டு மடங்கு மின் வேண்டும். போதாக்குறைக்கு, மின்னை வேகமாக இழுத்தால் ஈயப் பற்றரி தன் முழுக் கொள்ளளவையும் தராது. அதனால் 4 நொட்டில் (மணிக்கு ஏழரைக் கிலோமீற்றர் அளவில்) நாட்கணக்காக ஊர்கிற கப்பல், முழு வேகத்தில் ஓரிரு மணித்தியாலத்தில் களைத்துவிடும்.

பிறகு சார்ஜ் போட மேலே வரவேண்டும். ஸ்நோர்க்கல் குழாயை நீட்டி, காற்றெடுத்து, டீசல் எஞ்சினை ஓட்டுவார்கள். அலை குழாயின் தலையை மூடினால் வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். எஞ்சினோ நிற்காமல் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். ஆட்களுக்குக் காது அடைக்கும். உள்ளழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் எஞ்சின் நின்றுவிடும். மார்கழி வாடையில் முல்லைத்தீவுக் கடல் இருக்கிற இருப்புக்கு, இந்த வேலையை நினைத்தாலே எரிச்சல் வரும்.

சார்ஜ் முடியும் கட்டத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். கலத்துக்கு 2.4 வோல்ற்றைத் தாண்டியதும் தண்ணீர் பிரிந்து ஐதரசன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதமானால் ஒரு பொறி போதும். அதை வெளியேற்றும் காற்றாடி நின்றதா, முதலில் சார்ஜை நிறுத்து. போன தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.

கடல்நீர் உள்ளே வந்தால் இரட்டை ஆபத்து: மின்கசிவும் குளோரின் வாயுவும். 2017 நவம்பரில் 44 பேரோடு மூழ்கிய ஆர்ஜென்ரீனாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி, காற்றுக்குழாய் வழியே கடல்நீர் பற்றரிக்குள் புகுந்து மின்கசிவும் தீயும் தொடங்கியதாகத்தான் முன்னதாகச் செய்தி அனுப்பியிருந்தது. தண்ணீர் புகாவிட்டாலும், கலங்களின் மேல்மூடியில் படியும் உப்பும் அசிட்டும் கலந்த ஈரப்படலம் கப்பலின் உடலுக்கு மின்னைக் கசியவிடும். துடைத்து, காயவைத்து, மின் கசியாமல் தடுக்கும் காப்புத்தடையை அளந்து குறித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பலர் கவனிக்காத கோளாறு ஒன்று உண்டு. கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், பலவீனமான ஒன்று முதலில் காலியாகும். மற்றவை அதனூடாக மின்னைத் தள்ள, அதன் முனைகள் எதிர்மாறாகிச் சூடேறும். மொத்த வோல்ற்றைப் பார்த்தால் பிடிபடாது, கலம் கலமாக அளக்கவேண்டும். கண்டுபிடித்தால் தடித்த செப்புப் பட்டையால் அதைத் தாண்டி இணைத்துவிட்டு ஓடலாம்; 2 வோல்ற்றுத்தான் குறையும். 750 கிலோவை வெளியே தூக்குவதைத் துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.