கண் புற்றுக்குச் சொட்டு மருந்து: விடும் வாரமும் விட்ட பிறகு வரும் வாரமும்

வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய படலத்தில் வரும் செதிள்செல் புற்றுக்கு 5-எஃப்யூ (ஃப்ளூரோயூராசில்) என்ற புற்றுநோய்ச் சொட்டு மருந்து ஆரம்பித்தால், முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றும். நான்காம் ஐந்தாம் நாளில் கண் சிவந்து மணலாக உறுத்தும், வெளிச்சம் கூசும். ஏழாம் நாளை ஒட்டியோ மருந்தை நிறுத்திய அடுத்த சில நாள்களிலோதான் பலருக்கும் உச்சம். நிறுத்தின பிறகும் மோசமாகிறதே என்று அந்த வாரக் கடைசியில் பதறிப் போகிறவர்கள்தான் அதிகம்.

காரணம் எளியது. இந்த மருந்து பிரிந்து பெருகும் செல்லைத் தாக்குகிறது. கருவிழியின் மேல்தோல் ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம். மேலே இருக்கும் பழைய செல்கள் வழக்கம்போல உதிரும்; அடியில் இருந்து வர வேண்டிய புதுச் செல்கள் வராது. அந்த வெற்றிடம் வெளியே தெரிய நாலைந்து நாள் ஆகிறது, ஆற இன்னும் சில நாள் ஆகிறது. அதனால்தான் 1% மருந்தை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஒரு வாரம் விட்டு, மூன்று வாரம் ஓய்வு கொடுப்பது பரவலான முறை. அது ஒரு சுற்று. நான்கு சுற்று போவது சாதாரணம். கட்டி கரையும் வேகத்தைப் பார்த்து மருத்துவர் கூட்டுவார், குறைப்பார். எரிகிறது என்று நீங்களாக நான்கு வேளையை இரண்டாக்காதீர்கள். நோய்க்குப் போதாது, கண்ணுக்கும் பெரிய நிம்மதி கிடைக்காது. தாங்க முடியவில்லை என்றால் மருத்துவமனையை அழைத்துச் சொல்லுங்கள். சுற்றை ஓரிரு நாள் முன்னதாக முடிக்கலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

மருந்தைவிட, அதை விடும் விதத்தால் வரும் தொல்லையே பாதி. கீழ் இமைத் தோல் வெந்து உரிவது பெரும்பாலும் வழிந்த சொட்டால்தான். மருந்து விடும் முன் கீழ் இமையின் வெளித்தோலிலும் கன்னத்தின் மேல் பகுதியிலும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுங்கள். கண்ணுக்குள் போகக் கூடாது. மல்லாந்து படுத்து, கீழ் இமையை இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கண்ணில் நிற்காது, கன்னத்துக்குத்தான் போகும். கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் மூன்று நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர்த் துளை வழியாக மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்காமல் இருக்க இதுதான் வழி. வழிந்ததைத் தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வேறு சொட்டு இருந்தால் இடையில் ஐந்து நிமிடம். களிம்பு எப்போதும் கடைசி.

வீட்டில் பணிப்பெண்ணோ மகளோ மருந்து விடுவதானால் கையுறை போட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர், பால் கொடுப்பவர் இந்தக் குப்பியைத் தொடவே வேண்டாம். பழக்குவதற்கு முதலில் செயற்கைக் கண்ணீரை விடச் சொல்லிப் பாருங்கள். மருந்து மருத்துவமனை மருந்தகத்தில் கலந்து தயாராவது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னால் மூடியுள்ள டப்பாவில், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். குப்பியில் எழுதிய தேதி முடிந்தால் மிச்சம் இருந்தாலும் வேண்டாம். நம் சிங்கப்பூர் வெயிலில் பேருந்துக்கு நின்று வீடு வருவதற்குள் சூடேறிவிடும், மருந்து வாங்கப் போகும்போது ஐஸ் பாக்கெட் வைத்த பையைக் கொண்டு போங்கள். தீர்ந்த குப்பி, கையுறை, ஒற்றிய தாள் எல்லாவற்றையும் தனிப் பையில் கட்டி, எங்கே திருப்பிக் கொடுப்பது என்று மருந்தகத்தில் கேளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் போடும் பொருள் இல்லை இது.

இதே புற்றுக்குக் கொடுக்கும் இன்னொரு சொட்டு மருந்தான மைட்டோமைசின்-சி வேறு ரகம். 0.02% அல்லது 0.04%, இதுவும் ஒரு வாரம் விட்டு ஓய்வு கொடுக்கும் முறைதான், ஆனால் தவறினால் விலை அதிகம். அறுவையில் கட்டியை எடுத்த பிறகு இதைக் கொடுப்பதானால் புண் முழுவதும் மூடிய பின்புதான் ஆரம்பிக்க வேண்டும். திறந்த இடத்தில் பட்டால் வெண்விழிச் சுவரே மெலிந்து கரையலாம். கண்ணீர்த் துளை சுருங்கி அடைபடுவதும் இந்த மருந்தில் வரும் தொல்லை. சிகிச்சை முடிந்து எத்தனையோ நாள் கழித்து கண் ஓயாமல் நீர் வடிந்தால் வறட்சி என்று நினைத்துச் செயற்கைக் கண்ணீரை மேலும் மேலும் விடுவார்கள், பலன் இருக்காது. வடிகால் அடைபட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தவிர்க்கத்தான் சில மருத்துவர்கள் சிகிச்சைக்கு முன்பே துளையில் சிறு அடைப்பான் வைக்கிறார்கள்.

நீண்ட காலக் கவலை இன்னொன்று உண்டு. கருவிழியின் விளிம்பில்தான் அதன் மேல்தோலை உற்பத்தி செய்யும் மூலச் செல்கள் இருக்கின்றன. புற்றும் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் முளைக்கிறது. அறுவையில் விளிம்பு போகும், உறைய வைக்கும் சிகிச்சையில் போகும், மைட்டோமைசினிலும் போகும். விளிம்பில் கணிசமான பகுதி போய்விட்டால் வெண்விழிப் படலம் இரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் ஏறிவரும், பார்வை மங்கும், மேல்தோல் அடிக்கடி உரியும். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி இது: விளிம்பில் எத்தனை மணி நேர அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது? கண் மருத்துவர்கள் கருவிழியைக் கடிகார முகமாக வைத்துத்தான் அளவு சொல்வார்கள்.

மூன்றாவது மருந்தான இன்டர்ஃபெரான் இந்த மூன்றில் சாது. ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் அலகு, தினம் நான்கு வேளை, ஓய்வு வாரம் இல்லாமல் மாதக் கணக்கில் போகும். லேசான சிவப்பும் இமையின் உள்பக்கத்தில் சிறு முடிச்சுகளும் வரலாம். ஊசியாகப் படலத்தின் அடியில் போட்டால் அன்று மாலை காய்ச்சல், உடல்வலி வரக்கூடும். பாராசிட்டமால் எடுக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைப்பது எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி இல்லை.

சரி, அந்த மோசமான வாரத்தை ஓட்டுவது எப்படி? பதப்படுத்தி சேர்க்காத செயற்கைக் கண்ணீர், ஒருமுறை திறந்து பயன்படுத்தும் சிறு குப்பிகளில் வருவது, கைவசம் நிறைய இருக்க வேண்டும். பலதுறை மருந்தகத்திலோ கடையிலோ கிடைக்கும் பெரிய குப்பிகள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இருக்கும். ஒரு நாளைக்கு ஓரிரு தடவைக்குப் பரவாயில்லை. உரிந்து கிடக்கும் கருவிழியில் மணிக்கு ஒருமுறை விட்டால் அதுவே மேலும் எரிக்கும். சிறு குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விட்டால் இதமாக இருக்கும். ஓய்வு வாரத்தில் ஃப்ளூரோமெத்தலோன் போன்ற ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்பதுண்டு. எழுதிய நாள்களுக்கு மட்டும். கண் அழுத்தம் ஏறலாம், அடுத்த வருகையில் அளக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த சொட்டு வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூரில் வெளிக்காற்று ஈரம்தான், ஆனால் நாம் இருப்பது அதில் இல்லை. அலுவலகம், எம்ஆர்டி, கடைத்தொகுதி எல்லாம் ஏர்கான். நேரே முகத்தில் வீசும் இருக்கையை மாற்றுங்கள், படுக்கையறை மின்விசிறியைக் காலுக்குத் திருப்புங்கள். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலைச் சாத்தி, பக்கம் மூடிய கண்ணாடி போடுங்கள். சாம்பிராணி, கொசுவர்த்தி, மிளகாய் தாளிக்கும் அடுப்பு மூன்றிடமிருந்தும் ஒரு வாரம் தள்ளி இருங்கள். கான்டாக்ட் லென்ஸ், மை, இமைப்பூச்சு கிடையாது. நந்தியாவட்டைப் பூச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று அன்போடு அறிவுரை வரும். மேல்தோல் இல்லாத கண்ணில் அவையெல்லாம் கிருமிக்கு வாசல். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்கக் கூச்சப்படாதீர்கள். உச்ச நாள்களில் வண்டி ஓட்டுவதும் திரையைப் பார்த்து வேலை செய்வதும் நடக்காது. சுற்றின் தேதியை முன்பே தெரிந்துகொண்டு, உச்சம் வார இறுதியில் விழும்படி ஆரம்ப நாளை வைக்க முடியுமா என்று கேட்கலாம். பலருக்கும் ஒத்துக்கொள்வார்கள்.

கண்ணுக்குள் இருக்கும் மெலனோமா என்ற நிறமிச்செல் புற்றுக்குக் கதிர்ப் பட்டையை வெண்விழியில் தைத்து வைக்கும்போது கணக்கு தலைகீழ். ருத்தீனியம்-106 அல்லது அயோடின்-125 என்ற கதிர்வீச்சுப் பொருள் கொண்ட அந்தச் சிறு தட்டைச் சில நாள் வைத்து எடுத்துவிடுகிறார்கள். முதல் வாரங்களில் உறுத்துவது பெரும்பாலும் தானாகக் கரையும் தையல்; தசையை நகர்த்தியிருந்தால் சில காலம் இரட்டையாகத் தெரியலாம். மேற்பரப்பின் உண்மையான பிரச்சினை மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து வருகிறது. கட்டி கண்ணின் முன்பகுதிக்கு எவ்வளவு அருகோ அவ்வளவு அதிகக் கதிர் கருவிழிக்குப் போகும். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும்போது கண்ணீர்ச் சுரப்பிதான் கணக்கு: 30 கிரேவுக்குள் (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கடும் வறட்சி அபாயம் குறைவு, 40ஐத் தாண்டினால் வேகமாக ஏறுகிறது. இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளும் கருகும், இமைமுடி கொட்டும், முளைப்பது உள்நோக்கி வளர்ந்து கருவிழியைக் கீறும்.

ஆபத்து இங்கே வலி இல்லாததுதான். கதிர், கருவிழியின் நரம்பை மரத்துப்போகச் செய்யலாம். 5-எஃப்யூவில் கண் கதறும், ஆறிவிடும். மரத்த கண்ணில் புண் இருந்தும் ஒரு முணுமுணுப்பும் இராது. அதனால் வலியில்லை என்று கண் பரிசோதனை நாளைத் தள்ளிப் போடாதீர்கள். மஞ்சள் நிறச் சாயம் போட்டுப் பார்ப்பது, ஐந்து நிமிடத்தில் தாள் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பது (5க்குக் கீழ் என்றால் கடும் வறட்சி), பஞ்சு நுனியால் தொட்டு உணர்வு பார்ப்பது, இந்த மூன்றும் நடந்ததா என்று கேளுங்கள். இரவில் இமை முழுதும் மூடுகிறதா என்று வீட்டார் டார்ச் அடித்துப் பார்க்கலாம். மூடாவிட்டால் களிம்பு போட்டு, இமையை நாடாவால் எப்படி ஒட்டுவது என்று செவிலியரிடம் கற்றுக்கொண்டு ஒட்ட வேண்டும்.

கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ், திடீர்ப் பார்வைக் குறைவு, மருந்து நிறுத்தி இரண்டு வாரமாகியும் ஆறாத எரிச்சல் எதுவானாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். இரவில் எந்த அவசரப் பிரிவுக்கு வருவது என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தின் பெயரும் எத்தனையாவது சுற்று என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அவசரப் பிரிவில் உங்களைப் பார்ப்பவர் கண் புற்று மருத்துவராக இருக்க வாய்ப்பில்லை. சிவந்த கண்ணுக்கு வழக்கமான சொட்டைக் கொடுத்து அனுப்பாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.