பெட்டி வைத்த வாகனம்

பிக்கப் ஒன்றுக்கு மாறுவதற்காக நாங்கள் விற்ற பழைய நான்கு சக்கர இயக்க வாகனத்தை வாங்க வந்த இளைஞர், வீட்டு முன்றிலில் ஒரு மட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, கைவிளக்குடன் வாகனத்தின் அடியில் புகுந்துகொண்டார். கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்தபடியே, கடற்கரை மணலில் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். ஓட்டியிருந்தேன். தென் அவுஸ்திரேலியாவின் ரோப் கடற்கரையில், ரயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, இரண்டு முறை ஓட்டியதையும், திரும்பி வந்து உப்புப் போக அடிப்பாகத்தை அரை நாள் கழுவியதையும் விரிவாகச் சொன்னேன். என் குரலில் பெருமை ஒலித்தது எனக்கே கேட்டது. விற்கிறவனுக்கு அது நல்லதன்று. அவர் விலையில் ஐந்நூறு டொலர் குறைத்தார்.

அந்த வாகனத்தை 2014 இல் வாங்கியதற்கான காரணத்தை இன்று நினைத்தால் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2011 இல் மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்த எனக்கு, வேலையிடத்தில் மிகவும் கடினமாக இருந்தது வேலையன்று. வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று திங்கட்கிழமைக் காலைகளில் தேநீர் அறையில் கேட்கப்படும் கேள்விதான். மற்றவர்கள் டார்கோ, மான்ஸ்ஃபீல்ட், கிராம்பியன்ஸ் என்று நான் வரைபடத்தில்கூடப் பார்த்திராத இடங்களின் பெயர்களைச் சொல்வார்கள். எங்கள் பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: யாரோ ஒருவருடைய பிள்ளையின் பிறந்தநாள் விழா, அல்லது கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். இந்த நாட்டுக்குள் வந்துவிட்டோம், ஆனால் நாட்டைப் பார்க்கவில்லை என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே ஏழு இருக்கைகளும், இரண்டு தாங்கிகளில் 150 லீட்டர் டீசலும், செங்குத்தான சரிவில் ஊர்ந்து இறங்குவதற்கான தாழ்கியரும் கொண்ட ஒரு நான்கு சக்கர இயக்க வாகனத்தைக் கடன்பட்டு வாங்கினோம்.

அது தன் வேலையைச் செய்தது என்பதை மறுக்க மாட்டேன். விக்ரோரியாவின் உயர்மலைப் பாதைகளில் ஆறுகளைக் கடந்திருக்கிறோம். மழைக்காலத்தில் அந்தப் பாதைகள் சிதையாதிருக்க ஜூன் நடுப்பகுதி முதல் ஒக்ரோபர் இறுதி வரை பலவற்றை அரசு பூட்டி வைக்கும் என்பதைப் பூட்டிய கதவின் முன்னால் நின்றுதான் கற்றுக்கொண்டோம். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் ஒரு மாலை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீட்டின் வெளிச்சமும் இல்லாத இடத்தில், என் மாமியார் மூன்றாம் வரிசை இருக்கையிலிருந்து, "தம்பி, இஞ்ச வாகனம் நிண்டால் ஆரைக் கூப்பிடுவியள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த மாதமே செய்மதித் தொலைபேசி ஒன்றை வாடகைக்கு எடுக்கும் வழியை விசாரித்தேன்.

பிறகு 2020 வந்தது. மெல்பேர்ன் நகரம் ஆறு தடவைகளில் மொத்தம் 262 நாள்கள் பொதுமுடக்கத்தில் கிடந்தது. அதில் ஒரு கட்டத்தில் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் போகத் தடை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய அளவு டீசலை நிரப்பிய வாகனம் முன்றிலில் நிற்க, நாங்கள் பின்வளவுப் புல்தரையைக் கொத்தத் தொடங்கினோம். இங்கேதான் கதை திரும்பியது. நகரின் மேற்குப் பகுதி எரிமலைப் பாறையில் உருவான களிமண். கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், குளிர்காலத்தில் சப்பாத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வளர்ந்த கைகளுக்கு அதனோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை. உயர்த்திய பாத்திகள் கட்ட வேண்டியிருந்தது. பாத்திகளுக்கு மண், மண்ணுக்கு எரு, எருவுக்குமேல் மூடுவைக்கோல். இவை எவற்றையும் வாகனத்தின் அந்த அழகான கம்பளத் தரையில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதைப் பின்னோக்கிச் செலுத்தும்போது நான் வலப்பக்கம் திருப்ப அது இடப்பக்கம் போகும். அயலவர்கள் தங்கள் யன்னல்களில் நின்று அந்த நாடகத்தைப் பார்ப்பார்கள்.

டீசல் அடிக்கும்போதெல்லாம் கொப்பியில் குறித்துவைப்பது என் பழக்கம். முடக்கம் நீங்கிய பின் ஓராண்டுக் குறிப்புகளைப் புரட்டியபோது, தாழ்கியரைப் பயன்படுத்திய நாள்கள் நான்கு, ட்ரெய்லர் வாடகைக்கு எடுத்த நாள்கள் பதினான்கு என்று கணக்கு வந்தது. கொப்பியை மனைவியிடம் காட்டினேன். அவர், ஏழு இருக்கையை விட்டுவிட்டு ஐந்து இருக்கை வாகனம் எடுப்பது வளர்கிற குடும்பத்துக்கு அழகா என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் வளர்ந்து எங்களுடன் வர மறுக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதை இருவருமே சொல்லவில்லை.

நாங்கள் வாங்கியது, ஊரில் 'டபுள் கப்' என்றும் இங்கே 'யூட்' என்றும் சொல்லப்படும் நடுத்தர அளவு பிக்கப். முன்னால் நான்கு கதவும் ஐந்து இருக்கையும், பின்னால் திறந்த பெட்டி. இந்த நாட்டில் அது தொழிலாளியின் வண்டி மட்டுமன்று: 2016 முதல் 2022 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக அவுஸ்திரேலியாவில் மிக அதிகம் விற்பனையான வாகனம் ரொயோட்டா ஹைலக்ஸ், 2023 இல் அந்த இடத்தைப் பிடித்த ஃபோர்ட் ரேஞ்சரும் பிக்கப்தான். இதற்கு மண்வாசனைக் காரணங்களைச் சொல்வோர் உண்டு. வரிக் காரணங்களும் உண்டு. அவுஸ்திரேலியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையிலான தடையில்லா வணிக உடன்படிக்கை 2005 இல் நடைமுறைக்கு வந்த பின், தாய்லாந்துத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் பிக்கப்புகள் சுங்கவரியின்றி இங்கு வந்திறங்குகின்றன. பொருள் ஏற்றுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வாகனத்துக்குச் சொகுசுக் கார் வரியும் இல்லை. தோல் இருக்கையும் பெரிய திரையும் வைத்த பிக்கப்பை வாங்கி, அதன் பெட்டியில் ஒரு கோல்ஃப் பையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைக் காணும்போது இந்த விதி நினைவுக்கு வரும்.

யூட் பிறந்த கதை எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் நடந்தது என்பதை வாங்கிய பிறகுதான் அறிந்தேன். 1930களின் தொடக்கத்தில் ஒரு விவசாயியின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வாகனம் செய்து தர முடியுமா என்று ஃபோர்ட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஜீலோங் தொழிற்சாலையில் பணியாற்றிய லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் காரின் முன்பாதியையும் பொருள்வண்டியின் பின்பாதியையும் ஒரே உடலாக்கி வரைந்த வாகனம் 1934 இல் வெளிவந்தது. இரண்டு வாகனம் வாங்க வசதியில்லாத ஒரு வீட்டின் தேவையிலிருந்து அது வந்தது என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி.

முதல் மாதம் அந்தத் திருப்தி சற்றும் இருக்கவில்லை. பிக்கப்பின் பின்சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அன்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகள். அவை ஒரு டன்னை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. வெறும் பெட்டியுடன் வேகத்தடையில் ஏறினால், பின்பகுதி மாட்டுவண்டி கல்லில் ஏறியதுபோல் துள்ளும். பழைய வாகனத்தில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை போய்க்கொண்டிருந்தது. இதில் சாதாரணமாகப் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது, காய்ந்த தார்வீதியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடவும் கூடாது. பாரமில்லாத பின்சக்கரம் மழையில் நனைந்த சுற்றுவட்டத்தில் எப்படி வழுக்கும் என்பதை ஒரு ஜூலைக் காலையில், வீதியில் வேறு எவரும் இல்லாத நல்லூழால், சேதமின்றிக் கற்றேன். நீளம் 5.3 மீட்டர். இங்கே வாகனத் தரிப்பிடக் கோடுகளின் வழக்கமான நீளம் 5.4 மீட்டர். மிச்சமிருக்கும் அரைச் சாணை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிட வேண்டும். மனைவி கடைத்தெருக் கட்டடங்களின் அடித்தளத் தரிப்பிடங்களுக்கு இதைக் கொண்டுபோவதை இன்றுவரை மறுக்கிறார்; அவருக்காக ஒரு சிறிய பழைய கார் பிற்பாடு வாங்கினோம். ஒரே வாகனத்தில் எல்லாம் என்ற கணக்கு அங்கேயே உடைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று விமான நிலையம். ஊரிலிருந்து வந்த சித்தியையும் சித்தப்பாவையும் அழைத்துவரப் போனபோது மழை. பிக்கப் பெட்டியின் மேலிருந்த மடிப்பு மூடி நீர் புகாதது என்று நம்பி நான்கு பயணப்பெட்டிகளைப் பின்னால் அடுக்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தபோது, உணவுப்பொருள்களைச் சோதிக்கும் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து அனுமதித்த மிளகாய்த்தூள் பொதியொன்று நனைந்து, சித்தப்பாவின் வெள்ளை வேட்டிகளையெல்லாம் காவி நிறத்தில் தோய்த்திருந்தது. மூடி விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. சிறு எழுத்தில் 'நீர் எதிர்ப்பு' என்றுதான் இருந்தது. சித்தி மட்டும், "உந்த லாண்ட்மாஸ்டரில ஏத்தினமாதிரி ஏத்தினால் உப்பிடித்தான்" என்றார்.

சித்தி அதை ஏளனமாகச் சொன்னாலும், எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. எங்கள் ஊரில் லாண்ட்மாஸ்டர் வைத்திருந்தவர் ஒருவர்தான். இரண்டு சக்கர உழவு இயந்திரமும் அதன்பின் ஒரு பெட்டியும். விறகு, கிடுகு, சீமெந்து, கலியாண வீட்டுக் கதிரைகள், பிரசவத்துக்குப் போகும் பெண் என்று ஊரின் பாரமெல்லாம் அதில்தான் போகும். அவர் பணம் கேட்டு நான் கண்டதில்லை. மாலையில் யாராவது ஒரு கட்டுப் பனங்கிழங்கையோ பலாப்பழத்தையோ படலையில் வைத்துவிட்டுப் போவார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து எது போகும், எது போகாது என்று தீர்மானித்தது அந்தப் பெட்டியில் எங்களுக்குக் கிடைத்த இரண்டு முழ இடம். அம்மா தையல் இயந்திரத்தை ஏற்றினார்.

பிக்கப் வந்த இரண்டாம் மாதம் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. "அண்ணை, உங்கட வாகனம் சனிக்கிழமை சும்மா நிக்குதோ?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். புதிதாக வந்த மாணவர்களுக்கு மெத்தைகள். தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கிகள். பொங்கல் விழாவுக்கு அடுப்புச் செங்கற்களும் ஆளுயரக் கரும்புகளும். முன்பு, பெரிய நான்கு சக்கர இயக்க வாகனம் நின்ற காலத்தில், எங்களை எவரும் இப்படிக் கேட்டதில்லை. வண்டியில் எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். வேலையிடத்திலும் இதே மாற்றம்தான்: வீடு மாறிய சக ஊழியர் ஒருவர் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றித் தந்ததற்காக, இந்நாட்டு வழக்கப்படி ஒரு பெட்டி பியரைக் கொண்டுவந்து முன்றிலில் வைத்தார். நான் குடிப்பதில்லை என்று தெரிந்ததும் அடுத்த வாரம் ஒரு எலுமிச்சைக் கன்றாக அது மாறியது.

பாரம் ஏற்றுவது ஒரு தனிக் கல்வி. முதல் தடவை மண் வாங்கப் போனபோது, பெட்டி கொள்ளும் என்று கண்ணால் அளந்து ஒரு கன மீட்டர் கேட்டேன். மண் அள்ளும் இயந்திரத்தில் இருந்தவர் என் ரயர்களைப் பார்த்துவிட்டு, அரை கன மீட்டர்தான் கொட்டுவேன் என்றார். ஈரமண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன் வரை நிறுக்கும். என் வாகனத்தின் ஏற்றுதிறன் ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு, அதில் என்னுடைய எடையும் மகனுடைய எடையும் அடக்கம். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் 3,500 கிலோ இழுவைத்திறனும் அப்படித்தான்: பெட்டியையும் முழுமையாக ஏற்றி, பின்னால் அவ்வளவையும் சேர்த்து இழுக்கலாம் என்று பொருளன்று; வாகனமும் இழுபொருளும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு உண்டு. இங்கே பண்டகசாலைகளில் புழங்கும் 1,165 மில்லிமீட்டர் சதுரப் பலகைத் தட்டு, பல பிக்கப்புகளில் இரு சக்கர வளைவுகளுக்கு நடுவில் அமராது என்பதைக்கூட ஒரு தட்டு ஓடுகளை ஏற்றப் போய்த்தான் அறிந்தேன். ஓடுகளை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கினோம். ஏற்றியதைக் கட்டாமலோ மூடாமலோ வீதிக்குக் கொண்டுவருவது குற்றம். ஆகையால் பின்னிருக்கையின் கீழ் எப்போதும் நான்கு இறுக்குப் பட்டிகளும் ஒரு படங்கும் கிடக்கின்றன. ஊரில் உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்கள் ஏறிப் பூங்காவனத் திருவிழா பார்க்கப் போன கதையை மகனுக்குச் சொன்னபோது, அதற்கு எவ்வளவு தண்டம் என்று கேட்டான்.

பெப்ரவரியில், பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர் தக்காளிச் சாறு காய்ச்சும் பருவம். பன்னிரண்டு ஆண்டுகளாக வேலிக்கு மேலாகக் கைகாட்டியதைத் தவிர எங்களுக்குள் பேச்சு அதிகம் இருந்ததில்லை. அவருடைய மகன் வெளிமாநிலத்துக்குப் போய்விட்டதால், இருபத்தைந்து பெட்டி தக்காளியைக் கொண்டுவர உதவ முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொண்டுவந்தோம். அன்று மாலை அவருடைய கராஜில், எங்கள் வீட்டுப் பொங்கல் பானையைவிடப் பெரிய கிடாரத்துக்கு முன்னால், நானும் மகனும் போத்தல் மூடிகளை இறுக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கராஜின் மேல்தட்டில் இப்போது அவருடைய பதினெட்டுப் போத்தல்கள் இருக்கின்றன. மனைவி அதில் மீன்குழம்பு வைத்துப் பார்த்து, புளி குறைத்தால் சரிவரும் என்று தீர்ப்பளித்திருக்கிறார்.

மலைப்பாதைகளுக்கு இன்னும் போகிறோம். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கூடியதால் கூர்மையான மேடுகளில் நடுவயிறு உரசும், பின்பகுதி நீண்டிருப்பதால் ஓடைக்கரை ஏறும்போது பின் பம்பர் மண்ணைக் கிளறும். பழைய வாகனம் சிரமமில்லாமல் ஏறிய ஓரிரு இடங்களில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறோம். நனைந்த கூடாரத்தையும் சேற்றுச் சப்பாத்துகளையும் பின்னால் எறிந்துவிட்டு வரலாம் என்பது மட்டும் மேலான வசதி.

முகாம் போவதற்கு வசதியாகப் பெட்டிக்கு மேல் ஓர் உலோகக் கூண்டு பொருத்தலாம் என்று மகன் ஓராண்டாகச் சொல்லி வருகிறான். பூட்டலாம், மழை நுழையாது, சித்தப்பா மறுபடி வந்தால் வேட்டிகள் தப்பும். விலையும் விசாரித்துவிட்டோம். ஆனால் கூண்டு போட்டால் குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தி வைக்க இடமிருக்காது, படுக்க வைத்துக் கொண்டுபோவதும் அதற்கு நல்லதன்று. வருகிற சனிக்கிழமைக்கு ஒருவருக்குச் சொல்லியாயிற்று.