மருந்துக்கு அடிக்கிற மருந்து

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்கிற கஞ்சா வளர்ப்பு நிலையத்தின் நாலாம் அறையில் மூன்று செடிகளில் சிற்றுண்ணி கண்டேன். இலைச் சாற்றை உறிஞ்சுகிற மிகச் சிறிய பூச்சி அது. இலையின் மேற்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள். திருப்பி லென்ஸ் வைத்தால் நரம்போரமாக நூல் கட்டிக்கொண்டு, முதுகில் இரண்டு கரும்பொட்டுகளோடு ஊர்ந்து திரிகின்றன. பூக்கத் தொடங்கி ஐந்தாவது கிழமை. அறுவடைக்கு இன்னும் நாலு கிழமை இருக்கிறது.

என்னோடு வந்த பொடியன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன், வெங்காயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. பூச்சியைக் கண்டதும் அவனுக்குக் கை பரபரத்தது.

"ஒருக்கா மருந்தடிச்சா முடிஞ்சுதுதானே அக்கா? ஏன் இவ்வளவு யோசிக்கிறியள்?"

அங்கே நின்றபடி அவனுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கனடாவின் ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற கஞ்சா வளர்ப்பு நிலையமொன்றில் பூச்சி பார்ப்பதுதான் என் வேலை. ஸ்கவுட் என்பார்கள். ஒவ்வொரு அறையிலும் இத்தனை செடி, ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, அடி இலை என்று பார்த்து எண்ணி எழுத வேண்டும். அதற்கு முன்னர் தக்காளி கிரீன்ஹவுஸில் இதே வேலையைச் செய்தேன். ஊரில் சொல்லத் தயங்குகிற தொழில்தான், தெரியும். ஆனால் இந்த நாட்டில் இது சட்டப்படியான பயிர். அதைவிட, நோயாளிகள் வாங்குகிற பயிர். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

எங்கள் ஐயா புகையிலை செய்தவர். வலிகாமத்துச் செம்மண். முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு, மேற்சட்டை இல்லாமல், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மட்டும் பார்த்து அடிப்பார். "மருந்தடிக்கப் போறன்" என்றுதான் சொல்வார். நஞ்சு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதே இல்லை. அன்று இரவு தலை இடிக்கும், அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுப்பா. அந்த இலை பிறகு சுருட்டாகி யாரோ ஒருவருடைய வாயில் எரிந்திருக்கும். இலையில் என்ன மிஞ்சியிருந்தது என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் யோசித்ததில்லை.

எரிவதுதான் இங்கே முழுக் கேள்வியும். தக்காளியில் இவ்வளவு பூச்சிகொல்லி எச்சம் இருக்கலாம் என்று அரசாங்கம் ஒரு வரம்பு வைக்கிறது என்றால், அதை ஒருவர் கழுவி, தின்று, வயிறும் ஈரலும் அதை உடைத்து வெளியேற்றும் என்ற கணக்கில்தான் வைக்கிறது. புகைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நேரே நுரையீரல், அங்கிருந்து இரத்தம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வடிகட்டி இல்லாத கண்ணாடிக் குழாயில் கஞ்சாவைப் புகைத்தால் பூவிலிருந்த பூச்சிகொல்லி எச்சத்தில் 70 சதவீதத்துக்குக் கிட்டவரை புகையோடு போகலாம் என்று கண்டார்கள். மைக்ளோபியூட்டனில் என்றொரு பூஞ்சணக்கொல்லி இருக்கிறது. திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் சாம்பல் நோய் வந்தால் அடிப்பது, அங்கே அது அனுமதிக்கப்பட்டது. சூடேறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வரும். ஒரே போத்தல், ஒரே நோய். பழத்துக்கு ஒரு நியாயம், எரிக்கிற பூவுக்கு வேறு நியாயம்.

அமெரிக்காவில் இது இன்னும் சிக்கலாகிப் போனது. அங்கே பூச்சிகொல்லியைப் பதிவு செய்வது மத்திய சுற்றாடல் பாதுகாப்பு முகமை. லேபிளில் இல்லாத விதத்தில் அடித்தால் சட்டமீறல். ஆனால் மத்திய சட்டப்படி கஞ்சாவே தடை என்பதால் எந்த லேபிளிலும் கஞ்சா இல்லை. மாநிலங்கள் வளர்க்க அனுமதி கொடுத்துவிட்டன. எதை அடிக்கலாம் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1 அன்று கஞ்சாக் கடைகள் திறந்தன. அடுத்த வருடமே டென்வர் நகரச் சுகாதார அதிகாரிகள் ஏறத்தாழ 1 லட்சம் செடிகளைத் தடுத்து வைத்தார்கள். 2015 நவம்பரில் ஆளுநர் ஹிக்கன்லூப்பர், தவறான பூச்சிகொல்லி பட்ட கஞ்சாவைப் பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று கருதி அழிக்கும்படி ஆணையிட்டார். பிறகு மாநிலம் தானே அளவுகோல்களை உருவாக்கியது. எச்ச வரம்பே தேவையில்லை என்று விலக்களிக்கப்பட்ட பொருளா, லேபிள் எல்லாப் பயிருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறதா, புகையிலைக்கு அனுமதி உண்டா என்று பார்த்தார்கள்.

புகையிலை என்று வாசித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதே முகமை புகையிலைக்கு எச்ச வரம்பு வைப்பதில்லை, அது உணவில்லை என்பதால். இத்தனை காலம் உலகம் எரித்த இலைக்கே கேட்கப்படாத கேள்வியை, நேற்று வந்த செடிக்குத்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிந்தியாவது கேட்டார்களே.

கனடாவில் நிலைமை வேறு. இங்கே மத்திய அரசே அனுமதி கொடுக்கிறது, மத்திய அரசே பூச்சிகொல்லியையும் பதிவு செய்கிறது. கஞ்சாவுக்கென்று பதிவான பொருட்களை மட்டுமே அடிக்கலாம். பட்டியல் சின்னது: பூச்சிகொல்லிச் சோப்பு, பொட்டாசியம் பைகார்பனேற்று, பூச்சியைத் தின்னும் பியூவேரியா பூஞ்சணம், வேரைக் காக்கும் ட்ரைக்கோடெர்மா என்று இந்த வகைதான். விதி நல்ல விதி. ஆனால் விதி இருந்த காலத்திலேயே ஒரு பெரிய பிழை நடந்தது.

2016 முடிவிலும் 2017 தொடக்கத்திலும், மருத்துவக் கஞ்சா விற்ற சில உரிம நிறுவனங்களின் சரக்கில் மைக்ளோபியூட்டனில் அகப்பட்டது. தடை இருந்தது, ஆனால் விற்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தடை செய்ததை யார் அடிக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் விட்டிருந்தார்கள். பரிசோதகர்கள் வரும்போது போத்தலைக் கூரைத் தட்டிக்குள் ஒளித்து வைத்தோம் என்று ஒரு முன்னாள் ஊழியர் பிறகு நாளிதழுக்குச் சொன்னார்.

என் மச்சாளுக்கும் சரக்கைத் திரும்பப்பெறும் கடிதம் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தா. எதைத் தின்றாலும் வாந்தி. டொக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான், அதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இழுப்பா. அதற்குப் பிறகு ஒரு கோப்பை கஞ்சி இறங்கும். கடிதத்தை என்னிடம் நீட்டி, "நீ தோட்டத்து வேலைதானே செய்யிறாய், இது என்ன மருந்தெண்டு சொல்லு" என்றா. மருந்து என்றுதான் அவவும் சொன்னா. எரியும்போது கூடுதலாக வரும் சயனைடு மிகமிகச் சிறிய அளவு என்று மத்திய சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடா சொன்னது. அதையும் அவவுக்கு வாசித்துக் காட்டினேன். "சிறிசோ பெரிசோ, என்னட்டக் கேட்டவையோ?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. நான் தக்காளியை விட்டு இந்த வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2017-இல் ஹெல்த் கனடாக்காரர் எழுந்தமானமாகச் சரக்கை எடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். 2019 ஜனவரி 2 முதல் பரிசோதனை கட்டாயமானது. முதல் பட்டியலில் 96 வேதிப்பொருட்கள். வரம்பை, ஆய்வுகூடக் கருவி நம்பிக்கையாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவிலேயே வைத்தார்கள். அதாவது கருவிக்குத் தெரிந்தால் விற்கக் கூடாது. மீறினால் 10 லட்சம் டொலர் வரை தண்டம் போடலாம்.

இந்த இறுக்கம் நேர்மையாக வளர்ப்பவரையும் வருத்தும், உண்மை. பழைய மிளகாய், தக்காளி கிரீன்ஹவுஸைக் கஞ்சாவுக்கு மாற்றியவர்களைக் கேளுங்கள். முந்தின பயிருக்கு அடித்தது சீமெந்துத் தரையிலும் தண்ணீர்க் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறைகூட அடிக்காத செடியில் அது வந்து நிற்கும். சில வேளை போத்தலே பொய் சொல்லும். அமெரிக்காவின் ஒரிகனில் 2016-இல் பட்டை எண்ணெயும் சிட்ரிக் அமிலமும் என்று விற்கப்பட்ட ஒரு சிற்றுண்ணிக் கரைசலில் அபமெக்டின் என்ற பூச்சிகொல்லி இருந்ததை மாநில விவசாயத் திணைக்களம் கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தியது. இயற்கையானது என்று நம்பி அடித்தவர்களின் பயிர் போனது. இருந்தும் வரம்பைத் தளர்த்துங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. மச்சாளின் முகம் முன்னால் வந்து நிற்கும்.

எனக்கு உண்மையான பயம் வேறிடத்தில். பட்டியலில் உள்ளதைத்தான் கருவி தேடும். கலிபோர்னியா 2018-இல் 66 பொருட்களைச் சோதிக்கச் சொன்னது, அதில் 21 அறவே இருக்கக் கூடாதவை. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் ரைம்ஸ் நாளிதழ் கடைகளில் வாங்கிச் சோதித்தபோது, உரிமத்தோடு விற்ற பொருட்களிலேயே நஞ்சு அகப்பட்டது. பைமெட்ரோசின் என்ற பூச்சிகொல்லி போல அந்த 66-இல் இல்லாதவையும் இருந்தன. சாறு பிழிந்து செறிவாக்கி, மின்குழாயில் சூடாக்கி இழுக்கிற வேப் எண்ணெயில் பூவிலிருந்த எச்சமும் சேர்ந்து செறியும். கடைசி வாசலில் நிற்கிற பரிசோதகர், தனக்குக் கொடுத்த பட்டியலில் உள்ள முகங்களைத்தான் மறிப்பார்.

அதனால் என் மதிப்பில் எங்கள் சட்டத்தின் ஆகப் பெறுமதியான பகுதி ஆய்வுகூடம் அல்ல, குறிப்பேடு. செடிக்கு எதைப் போட்டாலும் அதன் பெயர், அளவு, போட்ட விதம், திகதி, போட்டதற்கான காரணம் எல்லாம் எழுதி வைக்க வேண்டும். காரணம் என்றொரு கட்டம்! ஐயாவிடம் ஒருநாளாவது யாராவது ஏன் அடிக்கிறாய் என்று கேட்டிருந்தால், பாதி நாள் அவர் தாங்கியைக் கீழே வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நாலாம் அறைக்கு வருவோம். பூ கட்டிய பிறகு சோப்புக் கரைசல்கூட அடிக்க எனக்கு மனமில்லை. பெர்சிமிலிஸ் என்ற செம்மஞ்சள் நிறச் சிற்றுண்ணி இருக்கிறது, மற்றச் சிற்றுண்ணியைத் தின்றே வாழ்வது. அதை விடலாம். ஆனால் அதன் முட்டை பொரிக்க ஈரப்பதம் வேண்டும். பூ அழுகாமலிருக்க நாங்கள் அறையைக் காய வைத்திருக்கிறோம். ஒன்றைக் காக்கப் போனால் மற்றது கெடும். கடைசியில் மூன்று செடியையும் பையில் கட்டி வெளியேற்றினோம். சுற்றியிருந்த பன்னிரண்டு செடிகளில் கீழ் இலைகளைக் கிள்ளினோம். பெர்சிமிலிஸை அந்தப் பகுதியில் மட்டும், வழமையைவிட அடர்த்தியாகத் தூவினோம். குஞ்சு பொரிக்காவிட்டாலும் வந்தவை பசியோடு வந்திருக்கின்றன.

பொடியன் பெர்சிமிலிஸ் வந்த போத்தலை மெல்ல உருட்டி, இலை இலையாகத் தூவினான். முடிந்ததும் குறிப்பேட்டை அவனிடம் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் பேனையோடு கனநேரம் நின்றான்.

"என்னெண்டு எழுதுறது அக்கா?"

"கண்டதை எழுது தம்பி. எத்தனை செடி, எந்த வரிசை, இலைக்கு எத்தனை. வெள்ளிக்கிழமை திரும்ப எண்ணுவம்."