கயிற்றுத் தடம்

"தம்பி, இந்தக் கயிறு தலையில அழுத்தவே இல்லையே."

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இன்று நடந்த கண்காட்சியில், கூடை சுமக்கும் தேயிலைத் தோட்டப் பெண்ணை வரைந்த என் ஓவியத்தின் முன் நின்ற, கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் சொன்னது.

சொல்லிவிட்டு முக்காட்டை விலக்கிக் காட்டினார். உச்சியில் முடி தேய்ந்து, கூடைக் கயிற்றின் தடம்.

இதே படத்தைப் போட்டிக்கு இரண்டு முறை அனுப்பினேன். தேர்வாகவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

பனிமூட்டத்துக்கே மாதக்கணக்கில் உழைத்திருந்தேன். நம் குளிரில் எண்ணெய் வர்ணம் காய நாளாகும். டைட்டேனியம் வெள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். மலையை அவ்வளவு பார்த்தவன் அந்தத் தலையைப் பார்க்கவில்லை.

என் அம்மாவுக்கும் அதே தடம் உண்டு.

கண்காட்சி முடிந்து படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கயிறு இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டேன். பேர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வர்ணம் சீக்கிரம் காயும், அதிலிருந்து தொடங்கலாம்.

விடிந்ததும் ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறேன், அம்மாவை.