ஃப்ரிட்ஜ் மேல் ஒரு காலண்டர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இந்தியன் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. ராகுகாலம் பார்க்க இல்லை. தம்பி தலைவலியில் சுருண்டு படுத்த நாளையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைக்கிறேன்.

2011இல் ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் அவன் போன அமெரிக்க ராணுவ வண்டிக்கடியில் குண்டு வெடித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சில நிமிடம் நினைவு தப்பியது, அவ்வளவுதான். ஸ்கேனும் சுத்தம். லேசான மூளைக்காயம் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. டெக்சாஸுக்குத் திரும்பிய பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரிலேயே நிற்பான். பொங்கி வழியும். எதற்கு நிற்கிறோம் என்பதே மறந்திருக்கும்.

படைவீரர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். மருத்துவப் பரிசோதனைக்கு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதும், "நன்றாக இருக்கிறேன் சார்!" நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. அந்தத் தலையிலா என்று விட்டுவிட்டேன். பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிட்டுத்தான் தொகை தருவார்கள். அவனுக்குக் கிடைத்தது 10 சதவீதம்.

அப்புறம்தான் மூளைக்காயத்தை மதிப்பிடும் 8045 என்ற விதியை உட்கார்ந்து படித்தேன். பாதிப்பைப் பத்துக் கூறாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். சராசரி கிடையாது, எதில் அதிகமோ அதுவே கணக்கு. மறதி என்று வாயால் சொன்னால் 10 சதவீதம். அதே மறதி, லேசானதுதான் என்றாலும், சோதனையில் நிரூபணமானால் 40. நரம்பு உளவியல் சோதனைக்கு அரைநாள் உட்கார வைத்தேன்.

மைக்ரேன் தலைவலிக்குத் தனி மதிப்பீடு உண்டு. சில மாதங்களாகச் சராசரியாக மாதம் ஒருமுறை ஆளைப் படுக்கையில் போடுகிறது என்றால் 30. காலண்டரின் 12 தாளையும் நகலெடுத்தேன். கூட இருப்பவர் கண்ணால் பார்த்ததை எழுதித் தர 21-10210 என்று ஒரு படிவம் இருக்கிறது; அதில் பால் கதையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, புதிய ஆதாரம் என்று மறுபடி அனுப்பினோம்.

இரண்டும் கிடைத்தன. ஆனால் 40ம் 30ம் 70 ஆகாது. நூறில் 40 போக மீதியுள்ள 60இல்தான் 30 சதவீதம் எடுப்பார்கள், அது 18. மொத்தம் 58, அதை 60 ஆக்குகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "எந்த ஊர்க் கணக்குடி இது?" என்றாள்.

நேற்று தம்பியே பேனாவை எடுத்து வட்டம் போட்டிருக்கிறான். இன்னும் வராத வெள்ளிக்கிழமை மேல். பக்கத்தில் சரியான தேதியை எழுதி, என் இனிஷியலைப் போட்டு வைத்தேன்.